துண்டுக்குள் போன கை

செல்லியம்மாளுக்கு அதிர்ஷ்டம்னு சொல்றவன் வாயில மண்ணை அள்ளித்தான் போடணும். இப்பவும் ரயிலடி டீக்கடையில உக்காந்துக்கினு ரெண்டு பேர் அப்படிப் பேசுறானுங்க. "ஆடு வளத்தா, சந்தைக்குப் போனா, நேரம் நல்லா இருந்துச்சு, மேல வந்துட்டா" அப்படின்னு. நேரமாம், நேரம்! அன்னிக்கு அந்தச் சந்தையில அவ பக்கத்துல நின்னவ நான். அவ செஞ்சதை இவனுங்க பாத்தானுங்களா?

அவ எனக்கு அண்ணி. என் அண்ணன் வரதன் பொண்டாட்டி. நாத்தனார்னா அண்ணியைப் பத்தி நாலு குத்தமாவது சொல்லணும்னு ஊர்ல ஒரு எண்ணம். சொல்றேனே, எனக்கு இன்னா பயம்? கொழம்புல உப்பை அள்ளிக் கொட்டுவா. கூப்புட்டா ஒரே தரத்துல திரும்ப மாட்டா. கோவம் வந்தா பேச மாட்டா, பானை சட்டிதான் பேசும். ஆனா அவ செஞ்ச மாதிரி காரியத்தை இந்த ஆரம்பாக்கம் சுத்துவட்டாரத்துல வேற ஒருத்தி செஞ்சிருக்கான்னு யாராவது காட்டட்டும், நான் என் காதை அறுத்துக் குடுக்கறேன்.

எனக்கும் புருசன்னு ஒருத்தன் இருந்தான். சொல்லிக்கற மாதிரி இல்ல, அதனால அவனை வுடுங்க. நான் அண்ணன் ஊட்டோடதான் இருந்தேன். ரயிலடிக்கு மேற்கால, வயல் முடியற எடத்துல எங்க தெரு. அப்போ சேரின்னுதான் சொல்லுவாங்க, காலனின்னு பேரு வந்தது அப்பால. எங்க ஆளுங்களுக்குச் சொந்தமா ஒரு வரப்பு கூடக் கெடையாது. நடவு, களை, அறுப்பு, எல்லாம் அடுத்தவன் நெலத்துலதான். தை அறுப்பு முடிஞ்சா அப்பால ஆடி வரைக்கும் வேலை இல்ல. வேலை இல்லன்னா சோறு இல்ல.

அப்பதான் லாரி வரும். பொங்கல் கழிஞ்சு அறுப்பு ஓஞ்சதும் செங்கல் சூளை லாரி எங்க தெருமொனையில வந்து நிக்கும். வீரராகவன்னு ஒரு மேஸ்திரி. செங்குன்றத்துக்கு அந்தாண்ட ஏதோ ஒரு சூளைக்கு ஆள் புடிக்கறவன். ஊட்டைப் பூட்டிக்கினு சட்டிபானையோட, புள்ளகுட்டியோட, கோழியோட எல்லாரும் ஏறிக்கணும். ஆம்பளை மண்ணு மிதிப்பான், பொம்பளை கல்லு அறுப்பா, புள்ளைங்க ஈரக் கல்லைப் பொரட்டிப் போடும். ஆறு மாசம் கழிச்சு கருவாடாட்டம் காஞ்சு திரும்பி வருவோம்.

சீனாக்காரன் சண்டை முடிஞ்சு ஒண்ணு ரெண்டு வருசம் இருக்கும். அந்த வருசம் சூளையில எங்கண்ணி பொண்ணு பச்சையம்மாவுக்குக் கால் வெந்து போச்சு. ஆறு வயசு. வெளையாட்டுப் புள்ள, சாம்பல் மேட்டுல ஓடிச்சு. மேல சாம்பல், உள்ள நெருப்பு. கொழந்தை போட்ட சத்தம் இருக்குதே, அத்த நான் இப்ப சொல்லப் போறதில்ல. உசுருக்கு ஒண்ணும் ஆவல. கால் தோலு மட்டும் சுருங்கிப் போச்சு, கொஞ்சம் இழுத்து இழுத்து நடப்பா. எங்கண்ணி அழுவல. புள்ளையை மடியில போட்டுக்கினு, "இனிமே நான் சூளைக்கு வந்தேன்னா என்னை ஏன்னு கேளு சின்னப்பொண்ணு"ன்னு என்னாண்ட சொன்னா.

சொல்லிட்டா ஆச்சா? ஆறு மாசச் சோத்துக்கு இன்னா வழி? ஊருக்குள்ள ஒரு ஊட்டுக்காரம்மா கிட்டப் போயி ரெண்டு பெட்டை ஆட்டை வாரத்துக்குக் கேட்டு ஓட்டியாந்தா. வாரம்னா, ஆடு அவங்களுது, மேய்க்கறது நாம. போடற குட்டியில பாதி அவங்களுக்கு, பாதி நமக்கு. அடுத்த வருசம் லாரி வந்தப்ப நானும் அண்ணனும்தான் ஏறினோம். அவ வரல. புள்ளையையும் ஆட்டையும் வச்சுக்கினு ஒரு வேளைக் கஞ்சியில இருந்தா. அதுக்கு அடுத்த வருசமும் அப்படித்தான்.

அந்த ஆடுங்களுக்கு அவ பட்ட பாடு! கருவேலங்காயைப் பொறுக்கி மடி மடியா கொண்டாந்து போடுவா. எவன் வயல்லயாவது வாயை வச்சிடப் போவுதுன்னு கயித்தைக் கையில சுத்திக்கினே திரிவா. மழைக்காலத்துல ஆடு ஊட்டுக்குள்ள, நாங்க கூரையோரம். "அண்ணி, இந்த ஊட்டுல யாரு குடித்தனம், நாமளா ஆடா?"ன்னு கேப்பேன். "வாடகை குடுக்கறது அதுங்கதாண்டி, நீ சும்மா கெட"ன்னுவா. கடைசியில அவ பங்குக்கு ரெண்டு பெட்டையும் அஞ்சு கெடாயும் தேறிச்சு.

இனிமே சந்தையைப் பத்திச் சொல்லணும். கும்மிடிப்பூண்டி போற வழியில ஒரு புளியந்தோப்பு, வியாழக்கிழமை வியாழக்கிழமை அங்கதான் கூடும். பழவேற்காட்டுப் பக்கத்துல இருந்து பொம்பளைங்க கருவாட்டுக் கூடையோட வருவாங்க. ஆந்திராவுல இருந்து மொளகா மூட்டை வரும். வளையல்காரன், சட்டிபானைக்காரன், வெல்லக்காரன்னு தோப்பு பூரா ஒரே கூச்சலா இருக்கும். எல்லாரும் வாய் கிழிய வெலை கூவுவாங்க. பின்னாடி கோடியில ஆடு மாடு கட்டற எடத்துல மட்டும் சத்தமே இருக்காது. அங்க வெலை பேசுறது வாயால இல்ல, துண்டுக்குள்ள.

பாக்காதவங்களுக்குச் சொல்றேன். வாங்கறவன் கையும் தரகன் கையும் ஒரு துண்டுக்குக் கீழ போவும். ஒரு வெரலைப் புடிச்சா பத்து. அஞ்சும் சேத்துப் புடிச்சா அம்பது. வெரலோட நடுக்கணுவை நசுக்குனா அஞ்சு. வேணாம்னா வெரலை மடக்கிக்குவாங்க. கடைசியில முழுக் கையையும் கவ்விப் புடிச்சு ஒரு உதறு உதறுனா முடிஞ்சுதுன்னு அர்த்தம். உதறுன கையை மாத்தக் கூடாது. மாத்துனவன் கையை அப்பால எந்தச் சந்தையிலயும் எவனும் தொட மாட்டான். பக்கத்துல நிக்கறவனுக்கு வெலை தெரியக் கூடாதுன்னுதான் அந்தத் துண்டு. ஆனா ஆட்டுக்காரனுக்கே தெரியாது, அதுதான் கூத்து. ஆட்டுக்காரி பொம்பளையா இருந்துட்டா கேக்கவே வேணாம், பத்தடி தள்ளித்தான் நிக்கணும்.

அந்தச் சந்தைக்குத் தரகன் அரசப்பன். வெத்தல போட்ட வாயும் மயில்கண் வேட்டியுமா திரியற ஆளு. மொத தடவை எங்கண்ணி ஒரு கெடாயை ஓட்டிக்கினு போனப்ப அவன்தான் துண்டைப் போட்டான், அவன்தான் பேசினான், அவன்தான் கொஞ்சம் துட்டை எடுத்து அவ கையில வச்சான். "இன்னா வெலைக்கு முடிச்சீங்க அண்ணே?"ன்னு கேட்டா. "அதெல்லாம் ஆம்பளைங்க சமாச்சாரம், வாங்கிக்கினு போ"ன்னான். வர வழியில டீக்கடையாண்ட ஆடு வாங்குனவன் இன்னொருத்தன் கிட்ட தான் குடுத்த வெலையைச் சொல்லிக்கினு இருந்தான். எங்க ரெண்டு பேர் காதுலயும் வுழுந்துச்சு. அவ கையில வந்தது அதுல பாதியை விடக் கொஞ்சம்தான் ஜாஸ்தி.

எனக்கு அங்கியே அவன் குடுமியைப் புடிக்கணும் போல ஆயிடுச்சு. அண்ணி ஊடு வர வரைக்கும் வாயைத் தொறக்கல. அவ பேசாம வந்தாத்தான் எனக்குப் பயம். வந்ததும் அண்ணன் தோள்ல கெடந்த துண்டை உருவி அவன் முன்னாடி நீட்டுனா. "நீ மாட்டுச் சந்தையில நின்னவன்தான? அந்த வெரலு கணக்கை எனக்குக் காட்டு"ன்னா.

"உனக்கு எதுக்கும்மே அது?"

"தெரிஞ்சு வச்சுக்கறேன். காசா பணமா?"

அப்பால தினம் சாயங்காலம் கஞ்சி கொதிக்கற நேரத்துல புருசனும் பொண்டாட்டியும் துண்டைப் போட்டுக்கினு உக்காந்துடுவாங்க. "இன்னா அண்ணி, சொந்தப் புருசன் கையைப் புடிக்கத் துண்டு வேணுமா?"ன்னு நான் கேட்டுட்டு ஓடுவேன், கரண்டி பறந்து வரும். பச்சையம்மா துண்டைத் தூக்கிப் பாத்து, "நைனா தோத்துட்டான், நைனா தோத்துட்டான்"னு கத்தும். சும்மா வெளையாட்டுன்னுதான் நாங்க ரெண்டு பேரும் நெனச்சோம். அவ மனசுல இன்னா ஓடிச்சுன்னு அவளுக்குத்தான் தெரியும்.

அரிசிக்கு ஊரே திண்டாடிக்கினு இருந்த வருசம் அது. மிச்சம் நாலு கெடாயும் நல்லா தெரண்டு நின்னுச்சு. பொங்கலுக்கு முந்தின சந்தைதான் வருசத்துலயே பெருசு. பொங்கல் மறுநாள் கரிநாள் இல்லையா, கறி இல்லாத ஊடு இருக்காது. நாலும் சரியான வெலைக்குப் போனா ஆடி வரைக்கும் எங்க எல்லாருக்கும் கேப்பையும் அரிசியும் ஆயிடும், யாரும் லாரி ஏற வேணாம். அரசப்பன் போன தடவை குடுத்த மாதிரி குடுத்தா, அந்த வருசம் நாலு பேரும் ஏறித்தான் ஆவணும், பச்சையம்மா உள்பட. மேஸ்திரி ஏற்கெனவே தெருவுல வந்து தலை எண்ணிட்டுப் போயிட்டான். எட்டு வயசுப் பொண்ணு நல்லாக் கல்லு பொரட்டும்னு அவளையும் சேத்துத்தான் எண்ணுனான்.

அன்னிக்குச் சந்தையில காலை வைக்க எடமில்ல. நாங்க ஆட்டைப் புளியமரத்து வேருல கட்டிட்டு நின்னோம். அரசப்பன் அந்தாண்ட யாரோ பெரிய மந்தைக்காரனோட துண்டுக்குள்ள கையை வுட்டுக்கினு இருந்தான். எங்களைப் பாத்து, "இருங்க, வரேன்"னு கண்ணைக் காட்டுனான். அண்ணன் நாஷ்டா வாங்கியாரேன்னு போயிட்டான்.

அப்போ சூளூர்ப்பேட்டை வெங்கையா வந்தாரு. ஆட்டு வியாபாரத்துல பெரிய கை. தெலுங்கும் தமிழும் கலந்து பேசுவாரு. அவருகிட்ட ஒரு பழக்கம், சந்தையில எல்லாருக்கும் தெரியும். வெலை பேசி முடியற வரைக்கும் குனிஞ்ச தலை நிமிர மாட்டாரு. மூஞ்சியைப் பாத்தா நம்ம ஆசை அவனுக்குத் தெரிஞ்சிடும்னு சொல்லுவாரு. கண்ணெல்லாம் ஆட்டு மேலதான் இருக்கும், கை மட்டும் பக்கத்துல நீண்டுக்கினு இருக்கும்.

வந்தவரு நேரா எங்க பெரிய கெடாயாண்ட குந்தி அது வாயைப் பொளந்து பல்லைப் பாத்தாரு. முதுகெலும்பைத் தடவினாரு. மூணாவது கெடாயைத் தூக்கிப் பாத்து எறக்கினாரு. "பாக கீது, நல்லா கீது. நாலும் சேத்து செப்பு, அரசப்பா"ன்னு சொல்லிக்கினே துண்டை மணிக்கட்டுல போட்டு வலது கையைப் பக்கவாட்டுல நீட்டுனாரு. அரசப்பன் அங்க எங்க இருக்கான்? அந்தக் கை எங்கண்ணி முன்னாடி நிக்குது.

நான் அவளைப் பாத்தேன். அவ கண்ணாடி வளையலை முழங்கைக்கு மேல தள்ளி வுட்டுக்கினா. சத்தம் வரக் கூடாதுல்ல! எனக்கு அப்பதான் வெளங்கிச்சு. அடிப்பாவி, வேணாம்னு நான் வாயைத் தொறக்கறதுக்குள்ள அவ கை துண்டுக்குள்ள போயிடுச்சு.

துண்டு ஆடுது. அவரு ஏதோ புடிக்கறாரு, இவ மடக்கறா. அவரு இன்னும் கொஞ்சம் புடிக்கறாரு, இவ திரும்ப மடக்கிக்கினு அவரு வெரலைப் புடிக்கறா. "ஏந்தி அரசப்பா, இன்னிக்கு ரொம்ப இறுக்கமா கீறே"ன்னு தலையைத் தூக்காமலே முனகினாரு. இவ மூச்சு வுடல. மூக்கு நுனியில வேர்வை நிக்குது. நான் மாரியாத்தாவையும் கூப்புட்டேன், எங்க தெரு கிரேஸ் ஊட்டு ஏசுவையும் கூப்புட்டேன், யாரு பக்கத்துல இருந்தாலும் வரட்டும்னு. கடைசியில அவரு ஒரு கணுவை நசுக்கினாரு போல, அண்ணி தலை லேசா ஆடிச்சு. அவரு முழுக் கையையும் கவ்விப் புடிச்சு ஓங்கி ஒரு உதறு உதறுனாரு.

"சரே, அவுத்து வுடு"ன்னு எழுந்து நிமிந்தவரு பாத்தாரு. எதுக்கால நெத்தி நெறையப் பொட்டோட ஒரு பொம்பளை நிக்கறா. "அம்மம்மா!"ன்னு கொள்ளிக்கட்டையைத் தொட்டவராட்டம் கையை உருவிக்கினாரு. துண்டு கீழ வுழுந்துச்சு.

எத்தினி பேர் அதைப் பாத்தானுங்களோ தெரியல. தோப்பே சிரிச்சுது. "வெங்கையா பொம்பள கையைப் புடிச்சிட்டாரு டோய்!"னு ஒருத்தன் கத்தினான். கருவாட்டுக்காரிங்க கூடையை வுட்டுட்டு ஓடியாந்தாங்க. வெங்கையா மூஞ்சி ரத்தமாச் செவந்து போச்சு. "எனக்கு எப்படித் தெரியும்? அந்தக் கை அரசப்பன் கையை விடக் காய்ச்சுப் போயி கீது!"ன்னாரு.

"களை புடுங்குன கைங்க அண்ணா. சூளையில கல்லு அறுத்த கை. பூவாட்டமா இருக்கும்?"ன்னா எங்கண்ணி.

அதுக்குள்ள அரசப்பன் கூட்டத்தைப் பொளந்துக்கினு வந்தான். வாய்ல இருந்த வெத்தலையைத் துப்பிட்டு ஆரம்பிச்சான். "தரகன் இல்லாம யாவாரமா? பொம்பள கை துண்டுக்குள்ள போச்சுன்னா இந்தச் சந்தை வெளங்குமா? இது செல்லாது! ஆட்டை ஓட்டிக்கினு போம்மா. இனிமே உன் ஆட்டை இங்க எவன் தொடறான்னு பாக்கறேன்!" அவன் சொல்றதுக்கு நாலு பேர் தலையாட்டுனானுங்க. ஆடு வாங்கக் காசு இல்லாதவனுங்கதான் ஜாஸ்தி ஆட்டினானுங்க.

அந்த நேரம் பாத்து என் அண்ணன் கையில இட்லிப் பொட்டலத்தோட வரான். "வரதா, உன் பொண்டாட்டி கையை ஊரான் புடிச்சிட்டான்டா! கேக்க மாட்டியா?"ன்னு ஒரு வெட்டிப்பய ஏத்தி வுட்டான். என் அண்ணன் சாது, ஆனா ரோசக்காரன். காது மடல் செவந்து போச்சு. அண்ணியைப் பாத்தான். அவ ஆட்டுக் கயித்தை இறுக்கிப் புடிச்சுக்கினு அவனையே பாத்துக்கினு நிக்கறா. பொட்டலத்தை என் கையில குடுத்துட்டு அந்தப் பயகிட்டத் திரும்பினான்.

"கையைப் புடிச்சது ஆட்டுக்கு. உனக்கு ஆடு வேணுமா சொல்லு, இல்லன்னா வழியை வுடு"ன்னான்.

என் அண்ணன் வாழ்நாள்ல பேசுன நல்ல பேச்சு அது ஒண்ணுதான்னு நான் அப்பப்ப அவனைச் சீண்டுவேன். அன்னிக்கு எனக்கு அவன் காலைத் தொட்டுக் கும்புடலாம் போல இருந்துச்சு.

ஆனா அரசப்பன் வுடல. வெங்கையா பக்கம் திரும்பி, "நீ இத்த ஒத்துக்கினா இனி இந்தச் சந்தையில உனக்கு நான் ஆடு காட்ட மாட்டேன், ஆமா"ன்னான். வெங்கையா கீழ கெடந்த துண்டை எடுத்து ஒதறினாரு. ஆட்டைப் பாத்தாரு, அரசப்பனைப் பாத்தாரு. அவரு வேணாம்னு ஒரு வார்த்தை சொன்னா எங்க கதை முடிஞ்சுது. கரிநாளுக்கு அப்பால கெடாய்க்கு ஏது வெலை? லாரிதான்.

அண்ணி முன்னாடி வந்தா. குரல் ஒசத்தல. "அண்ணா, வேணாம்னா வேணாம்னு சொல்லுங்க, ஓட்டிக்கினு போயிடறேன். ஆனா வெலை தப்புன்னு சொல்லிட்டுப் போங்க. கை தப்புன்னு சொல்லாதீங்க."

வெங்கையா துண்டால மூஞ்சியைத் தொடைச்சாரு.

"வெலை தப்பில்ல"ன்னாரு. "எல்லாரும் வினண்டி, கேட்டுக்குங்க. நான் கையை உதறிட்டேன். உதறுன கையைத் திரும்ப வாங்கினேன்னா நாளைக்கு எந்தச் சந்தையில எவன் எனக்குக் கை குடுப்பான்? ஆடு நாதி, என்னுது. இந்தாம்மா, டப்பு எடுத்துக்கோ." மடியை அவுத்து அவ கையிலேயே குடுத்தாரு. போறப்பத் திரும்பி, "ஒண்ணு தாயீ, அடுத்த வாட்டி வாயால சொல்லு. எங்க ஊட்டுல தெரிஞ்சா எனக்குச் சோறு கெடைக்காது"ன்னாரு. இந்தத் தடவை சிரிப்பு வேற மாதிரி இருந்துச்சு, எங்கண்ணியும் சேந்து சிரிச்சா.

எவ்ளோ வெலைன்னு என்னைக் கேக்காதீங்க. துண்டுக்குள்ள பேசுனது அவங்க ரெண்டு பேருக்கும்தான். அரிசி வாங்கினோம், கேப்பை வாங்கினோம், பச்சையம்மாவுக்குப் பச்சை ரிப்பன் வாங்கினோம், இன்னும் ரெண்டு பெட்டைக் குட்டியும் வாங்கினோம். வாரத்துக்கு இல்ல, சொந்தமா. அந்த வருசம் லாரி வந்தப்ப நாங்க ஏறல. "எத்தினி நாளைக்கு?"ன்னு மேஸ்திரி சிரிச்சான். பாக்கலாம்னு சொல்லிட்டு அண்ணி தழையை வெட்டப் போயிட்டா. மறுநாளே பச்சையம்மாவை ரயிலடிப் பள்ளிக்கூடத்துல கொண்டு போயி வுட்டா.

இதுக்கு அப்பால எல்லாம் சொகமா நடந்துச்சுன்னு நெனைக்காதீங்க. அரசப்பன் சொன்னதைச் செஞ்சான். பல வாரம் எங்க ஆடுங்களாண்ட எவனும் வரல. காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் வெயில்ல நின்னுட்டு ஓட்டிக்கினு திரும்புவோம். அவ அசரல. வெங்கையா சொன்னதைப் புடிச்சுக்கினா. வளையல்காரன் கூவற மாதிரி ஆட்டு வெலையைக் கூவ ஆரம்பிச்சா. "ஏழு மாசக் குட்டி, இன்னா வெலை, வாயால கேளு!" ஆட்டுச் சந்தையில அதுவரைக்கும் எவனும் அப்படிக் கூவினது இல்ல. மொதல்ல வேடிக்கை பாக்க வந்தானுங்க. அப்பால வாங்க வந்தானுங்க. ரயில்ல பட்டணத்துக்குப் போயி வர ஆளுங்க இருக்காங்களே, அவங்களுக்கு இந்த வெரல் வித்தை தெரியாது. வெலை காதுல கேட்டாத்தான் நம்புவாங்க.

பொம்பளைங்கள்ல மொதல்ல வந்தவ கோயிலாண்ட ஊட்டு கிரேஸ். ஒரே ஒரு கெடா வச்சிருந்தா. "அக்கா, இத்தயும் நீயே வித்துக் குடு. எனக்குக் கேக்கற மாதிரி வெலை சொல்லு, அது போதும்"ன்னா. வித்துட்டு வாங்குனவனை வுட்டே துட்டை கிரேஸ் கையில குடுக்கச் சொன்னா அண்ணி. கிரேஸ் அதை முந்தானையில முடிஞ்சுக்கினு அங்கியே குந்தி அழுதா. அதுக்கு முன்னாடி அவ வித்த ஆட்டு வெலை அவளுக்குத் தெரிஞ்சதே இல்லையாம். அப்பால ஆரம்பாக்கம் சுத்தி இருக்கற தெருக்கள்ல இருந்து ஒண்ணு ஒண்ணா பொம்பளைங்க வந்தாங்க. ஒருத்தி ஒரு ஆடு, ஒருத்தி ரெண்டு கோழி. கூலி வேலை செஞ்சு ஆறு மாசம் பட்டினி கெடந்த ஊடுங்கல்லாம் வியாழக்கிழமைக்கு வியாழக்கிழமை ஏதோ ஒண்ணை விக்கற ஊடா ஆச்சு. எங்க அண்ணியை ஆட்டுக்காரின்னு கூப்புட்டது போயி தரகம்மான்னு கூப்புட்டாங்க. எனக்கு இருந்த பெருமைக்கு அளவே இல்ல, நாத்தனார்னு சொல்லிக்கினு முன்னாடி முன்னாடி நடப்பேன்.

அரசப்பனும் ஒரு நாள் வந்தான். "உன்னால எனக்குப் பேஜாருதான்மா. எவனைப் பாத்தாலும் வாயால சொல்லுன்னு கேக்கறான்"ன்னு பொலம்பினான். "சொல்லிட்டுப் போங்களேன் அண்ணே, வாய்ல வெத்தலையைக் கொஞ்சம் கொறைச்சுக்குங்க"ன்னா. மனுசன் சிரிச்சுட்டான். அதுல இருந்து அவன் மாட்டுப் பக்கம், இவ ஆட்டுப் பக்கம்.

வருசத்துக்கு வருசம் லாரியில ஏறுற ஆளு கொறைஞ்சுக்கினே வந்துச்சு. கும்மிடிப்பூண்டிப் பக்கம் கம்பெனி வரப் போவுதுன்னு பேச்சு கெளம்புன நேரம், பச்சையம்மா எட்டாவது படிச்சுக்கினு இருந்தா. அந்த வருசம் லாரி ஒரு வியாழக்கிழமை காலையில வந்துச்சு. தெருமொனையில நின்னு ஆரன் அடிச்சான். ஒருத்தரும் வரல. திரும்ப அடிச்சான். நாங்கல்லாம் சந்தைக்குப் பொறப்பட்டு ஆட்டை அவுத்துக்கினு இருந்தோம். லாரி தெருவுக்குள்ளயே வந்துச்சு. மேஸ்திரி வீரராகவன் எறங்கி ஒவ்வொரு ஊடா எட்டிப் பாத்துக்கினே எங்க வாசலுக்கு வந்தான்.

"இன்னா செல்லியம்மா, ஆளுங்கல்லாம் எங்க? பத்து பேராவது வேணும். எவ்ளோ கேக்கறாங்க சொல்லு, பாத்துப் போட்டுக் குடுக்கறேன்"ன்னான்.

பச்சையம்மா யூனிபாரம் போட்டுக்கினு புஸ்தகப் பையோட வாசப்படியில நின்னுது. அவன் கண்ணு ஒரு தரம் அவ மேல போயிட்டு வந்துச்சு. எங்கண்ணி அதைப் பாத்தா. கையில புடிச்சிருந்த கயித்தை இன்னும் ஒரு சுத்து சுத்திக்கினா.

"வெலை பேச வந்த நாளு சரிதான் மேஸ்திரி, சந்தை நாளுதான்"ன்னா. "ஆனா எங்க தெருவுல நாங்க ஆடுதான் விக்கறோம். ஆளு விக்கறதில்ல."

அவன் போயி லாரியில ஏறிக்கினான். எங்க தெருவுல அவ்ளோ பெரிய வண்டி திரும்ப எடம் பத்தல. நாங்க எல்லாரும் ஆட்டை ஓரமா இழுத்துப் புடிச்சு, காலி லாரிக்கு வழி வுட்டோம்.